கழுத்தட்டை

பாயான் லெப்பாஸ் ஆலையில் பதினோரு வருடமாக
நுண்ணோக்கியில் குனிந்து
பற்றவைப்பில் விரிசல் தேடும் கண் என்னுடையது.
வீடு பார்க்கப் போனாலும் அப்படித்தான்:
முதலில் கூரையின் மூலை,
அப்புறம் குளியலறைக் கதவின் அடிப்பாகம்,
அப்புறம் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
கீழ்வீட்டிலிருந்து வசவு வருகிறதா என்று காத்திருப்பது.

சுங்கை ஆராவில் முதல் வீடு வாங்கியபோது
விற்றவர் கட்டிய தரகைக் கணக்குப் போட்டேன்.
என் ஏழு மாத ஓவர்டைம்.
அந்தப் பையன் செய்தது இவ்வளவுதான்:
கதவைத் திறந்தான், ஃபேனைப் போட்டான்,
"நல்லா காத்து வர்ற வீடுக்கா" என்றான்.
காற்று வரவில்லை. ஃபேன்தான் சுற்றியது.

"ரெண்டே நாள் வகுப்புடி," என்றாள் பிரபாவதி.
"ஒரு கம்பெனியில ஒட்டிக்கோ, கழுத்துல சிவப்பு அட்டை.
நல்ல வீடெல்லாம் உன் போனுக்குத்தான் முதல்ல வரும்.
வாங்கறதும் நீ, தரகும் உனக்கு."
பிரபாவதி இன்னும் ஜெலுத்தோங்கில் வாடகைக்கு இருக்கிறாள்.

ஜன்னல் கம்பி அடிக்க வந்த கூ வேறு சொன்னார்:
"அட்டையைப் பார்த்தா விக்கிறவன் வாயை மூடிக்குவான்.
இப்போ நீ சும்மா ஒரு பொம்பளை, குழாயைத் திறக்கிற.
உனக்கு எல்லாத்தையும் சொல்வான்."

வகுப்புக்குப் போனேன்.
குளிர் உறைக்கும் ஹோட்டல் கூடம், நீர்த்த காப்பி,
முன்வரிசையில் காப்புறுதி விற்றுக் களைத்த முகங்கள்.
கையேட்டின் பாதிப் பக்கங்கள்
ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன:
நீ யாருடைய ஆள்?
சான்றிதழ் வந்தது. அட்டைக்கு இன்னும் எழுதிப் போடவில்லை.

அந்த இடைப்பட்ட வாரத்தில்தான்
ஆயர் ஈத்தாமில் ஐந்தாம் மாடி.
லிஃப்ட் செத்துக் கிடந்தது.
வான் ஃபௌசிக்கு ஜொகூருக்கு மாற்றல்;
பெட்டிகள் கட்டியாகிவிட்டன,
சுவரில் பிள்ளைகளின் உயரக் கோடுகள் மட்டும் பாக்கி.
கறை இல்லை. கசிவு இல்லை. கீழ்வீட்டு வசவும் இல்லை.
"ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் கேக்கலாம்னு இருக்கேன்," என்றார்.
"அதிகமா, கக்?"

மூன்றாம் மாடியில் இதே அளவு வீடு
போன மாதம் இரண்டே முக்கால் லட்சத்துக்குப் போனது.
எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

வாங்க வந்தவளாக நான் வாயை மூடினால்
அதற்குப் பெயர் பேரம்.
அட்டை மாட்டியவளாக அதே வாயை மூடினால்
அதற்குப் பெயர் வேறு; கையேட்டில் பக்க எண்ணோடு இருந்தது.
ஒரே வாய். ஒரே மௌனம்.
நடுவில் பத்து செண்டிமீட்டர் பிளாஸ்டிக்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கினேன்.
ஒவ்வொரு படியிலும் முப்பத்தைந்தாயிரம் வெள்ளி
என் முட்டியில் வலித்தது.

நள்ளிரவு ஷிப்ட் இடைவேளையில்
அந்த மூன்றாம் மாடி விலையை அவருக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது. அதோடு சரி.
மூன்று வாரத்தில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

"அட்டை இல்லாமலே இந்த லட்சணம்னா,
மாட்டிக்கிட்டு நீ என்னத்தைச் சம்பாதிக்கப் போற?"
என்று தலையில் அடித்துக்கொண்டாள் பிரபாவதி.
கூ கம்பிக்குச் சாயம் அடித்தபடி சொன்னார்:
"நீதான் வாங்கணும் அட்டையை.
மத்தவனெல்லாம் எப்பவோ வாங்கிட்டான்."

படிவம் ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ்.
வேறு வேலை உண்டா என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதியிருக்கிறேன்.
கையெழுத்துக் கோடு காலி.

வெளியே மழை.
என் கூரையின் மூலையில்
வாங்கும்போது என் கண்ணுக்கே தப்பிய ஒரு கறை
மெல்ல அகலமாகிறது.
இந்த வீட்டை நான் விற்கும் நாளில்
யாராவது அண்ணாந்து பார்ப்பதற்கு முன்
இதைச் சொல்வேனா என்று
நாற்காலியைப் போட்டுக்கொண்டு
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.